திருவனந்தபுரம் டு லண்டன் எத்தனை மணிக்கூர்? நாமளே கணக்கு போடலாம்

எங்க மார்த்தாண்டம் பக்கம் யாரு வெளிநாடு கிளம்பினாலும் ஏர்போர்ட்னா திருவனந்தபுரம்தான். போன ஜூன்ல அக்கா மக நர்ஸ் வேலைக்கு துபாய் வழியா லண்டன் போனப்போ டிக்கெட்ல காலை 4.30க்கு ஏறி மதியம் 2.45க்கு இறங்குறதா இருந்துச்சு, அக்கா அதை பாத்துட்டு பத்து மணிக்கூர்தானேன்னு மூணு மணில இருந்தே போனை கையில வச்சுட்டு இருந்தா, போன் வந்தது ராத்திரி ஒன்பதுக்கு. அந்த ஆறு மணிக்கூர் அவ பட்ட பாட்டை பாத்துட்டுதான் இதை எழுதுறேன்.

முதல்ல தூரம். மேப்புல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, பூமி உருண்டை, உருண்டை மேல நூல் புடிச்சா வர்றதுதான் குறுக்கு வழி. கூகுள் எர்த்ல ரூலரை எடுத்து ரெண்டு ஏர்போர்ட்டையும் தொட்டா நேரா சுமார் 8400 கி.மீ. காட்டும். துபாய் வழின்னா 2950, அங்கேருந்து 5500, மொத்தம் 8450தான், துபாய் கிட்டத்தட்ட அந்த நூல் மேலயே இருக்கு, அதனால சுத்து வழின்னு பயப்பட வேண்டாம்.

இனி நேரம். தூரத்தை 850 ஆல (ஃபிளைட் ஒரு மணிக்கூர்ல போற கி.மீ.) வகுத்து, ஓடுபாதையில ஓடுறதுக்கும் ஏறி இறங்குறதுக்கும் அரை மணிக்கூர் சேருங்க. துபாய்க்கு நாலு, அங்கேருந்து லண்டனுக்கு ஏழு வரும். போறப்போ மேற்கேருந்து அடிக்கிற ஜெட் ஸ்ட்ரீம் காத்து எதிர்ல வர்றதால இன்னும் கொஞ்சம் இழுக்கும், திரும்பி வர்றப்போ அதே காத்து தள்ளி விடும்.

எல்லாரும் தப்பு பண்றது கடிகாரத்துலதான். டிக்கெட்ல இருக்கிற நேரம் எல்லாம் அந்தந்த ஊரு நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணிக்கூர் பின்னாடி. லண்டன் மார்ச் கடைசி ஞாயிறுல இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் நாலரை, மத்த மாசம் அஞ்சரை. அப்போ அந்த 2.45 நம்ம ஊருல ராத்திரி 7.15, அதாவது பறக்குறது, துபாய்ல மூணு மணிக்கூர் காத்திருப்பு எல்லாம் சேத்து 14 மணிக்கூர் 45 நிமிஷம்.

தரையில ஆகுற நேரத்தையும் விட்டுடாதீங்க. களியக்காவிளை, நெய்யாற்றின்கரை தாண்டி பாலராமபுரம் ஜங்ஷன்ல மாட்டினா மாட்டினதுதான், ரெண்டு மணிக்கூர் கைல வைங்க, ஃபிளைட்டுக்கு மூணு மணிக்கூர் முன்னாடி உள்ள இருக்கணும். இன்டர்நேஷனல் டெர்மினல் சாக்கை பக்கம், சங்குமுகம் பக்கம் இருக்கிறது டொமஸ்டிக், டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. பங்குனியிலயும் ஐப்பசியிலயும் பத்மநாபசுவாமி ஆறாட்டு (சாமி கடல்ல நீராடப் போற) ஊர்வலம் ரன்வே வழியாத்தான் கடலுக்கு போகும், அன்னைக்கு சாயங்காலம் சில மணிக்கூர் ஏர்போர்ட்டையே மூடிடுவாங்க, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தேதியை பாத்துக்கோங்க.

கடைசியா ஒரு துண்டு சீட்டுல எல்லாத்தையும் நம்ம ஊரு நேரத்துலயே எழுதி வீட்ல ஒட்டிட்டு கிளம்புங்க: ராத்திரி 11.30 வீட்டுல இருந்து புறப்பாடு, காலை 8.45 துபாய், ராத்திரி 7.15 லண்டன், இமிக்ரேஷனும் பெட்டியும் முடிஞ்சு போன் வர 9 மணி.