பிள்ளைப் பராமரிப்புத் தொகையை மாற்றக் கோரும்போது பெற்றோரின் வருமானம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

அமெரிக்காவில் நீதிமன்றம் நிர்ணயித்த பிள்ளைப் பராமரிப்புத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கோருபவர், பழைய உத்தரவுக்குப் பிறகு சூழ்நிலை கணிசமாக மாறியிருப்பதைப் பொதுவாக முதலில் காட்ட வேண்டும். எவ்வளவு மாற்றம் போதும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாஸில் பொதுவாக, 3 ஆண்டுகள் கழிந்து, புதிய கணக்குப்படி வரும் மாதத் தொகை பழையதிலிருந்து 20 சதவீதமோ 100 டாலரோ விலகியிருந்தால் மனு செய்யலாம். நியூயார்க்கில் 3 ஆண்டுகள் கழிந்திருந்தாலோ, பெற்றோரில் ஒருவரின் மொத்த வருமானம் 15 சதவீதம் மாறியிருந்தாலோ போதும், ஆனால் வருமானம் குறைந்ததாகச் சொல்பவர் அது தாமாக வரவழைத்துக்கொண்டதல்ல என்பதையும், தகுதிக்கேற்ற வேலையை முனைந்து தேடியதையும் காட்டியாக வேண்டும்.

பெரும்பாலான மாநிலங்கள் தாய், தந்தை இருவரின் வருமானத்தையும் சேர்த்தே கணக்கிடுவதால், தொகையைப் பெறுபவரும் தம் வருமானத்தை வெளிப்படுத்த வேண்டியிருக்கும். டெக்சாஸோ, தொகையைச் செலுத்துபவரின் நிகர வருமானத்தை, அதாவது வரி முதலியவை போக எஞ்சுவதை, அடிப்படையாகக் கொள்கிறது.

சம்பளக்காரருக்குக் கணக்கு ஓரளவு எளிது. அண்மைச் சம்பளச் சீட்டுகள், டபிள்யூ-2 படிவம் (ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி முதலாளி தருவது), வருமான வரித் தாக்கல் ஆகியவற்றைச் சேகரித்துக்கொள்ளுங்கள். இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2,000 டாலர் பெறுபவரின் மாத வருமானம் 4,000 டாலர் அல்ல, ஆண்டுக்கு 26 சம்பளங்கள் என்பதால், 26-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4,333 டாலர் வரும். போனஸ், கமிஷன், மிகைநேர ஊதியம் ஆகியவை வழக்கமாக வருபவையானால், சில ஆண்டுகளின் சராசரியை எடுப்பதுண்டு. ஊதியத்தின் ஒரு பகுதியாக நிறுவனம் தந்து, கைக்கு வந்து சேர்ந்த பங்குகளையும் பல நீதிமன்றங்கள் வருமானமாகவே பார்க்கின்றன.

உண்மையான சிக்கல் சொந்தத் தொழில் செய்பவர்களிடம் தொடங்குகிறது. வரி அதிகாரிகள் ஏற்கும் கழிவுகள் அனைத்தையும் குடும்ப நீதிமன்றம் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. இயந்திரம், வாகனம் போன்றவை பழையதாவதற்காகக் கழிக்கப்படும் தேய்மானச் செலவு ஏட்டில் இலாபத்தைக் குறைத்தாலும் அந்த ஆண்டில் பணம் கையைவிட்டுப் போவதில்லை என்பதால், அதன் ஒரு பகுதியையோ முழுவதையுமோ திரும்பச் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. தொழில் கணக்கில் எழுதப்பட்ட சொந்தக் கார், கைபேசி, வீட்டு வாடகை போன்றவையும் அப்படியே சேர்க்கப்படலாம். ஆகவே எதிர்த்தரப்பு சொந்தத் தொழில் செய்பவரானால், வரித் தாக்கலின் இறுதியில் காட்டப்படும் தொகையோடு நின்றுவிடாமல், வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் இலாப நட்டக் கணக்கையும் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை என்பேன்.

வேண்டுமென்றே வேலையை விட்டவருக்கோ, தகுதிக்குக் குறைந்த வேலையில் ஒதுங்கிக்கொண்டவருக்கோ, அவர் ஈட்டக்கூடிய வருமானத்தை நீதிமன்றமே மதிப்பிட்டு ஏற்றிக் கணக்கிடலாம். அப்போது கல்வி, முந்தைய பணி, வயது, உடல்நிலை, அப்பகுதியில் கிடைக்கும் வேலை ஆகியவை பார்க்கப்படும். வேலை இழந்தவர் தாம் அனுப்பிய விண்ணப்பங்களையும் வந்த பதில்களையும் பாதுகாத்து வைப்பதன் அவசியம் இங்குதான் புரியும். சிறையில் இருப்பதை விரும்பி வேலையற்றிருப்பதாகக் கருதக்கூடாது என்பது 2016-இல் வந்த மத்திய அரசின் விதி.

மறுமணம் செய்துகொண்டவரின் புதிய துணைவர் ஈட்டும் பணம் பொதுவாகக் கணக்கில் வராது. வறியவர்களுக்கான அரசு உதவித்தொகைகளும் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை.

வருமானம் குறைந்தவுடன் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். ஆவணங்கள் முழுமையாகச் சேரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பது பெரும் இழப்பாக முடியும். ஏனெனில், 1986-ஆம் ஆண்டின் மத்திய சட்டத் திருத்தத்தின்படி, ஏற்கெனவே நிலுவையாகிவிட்ட தவணையை நீதிபதியே நினைத்தாலும் பின்னோக்கிக் குறைக்க முடியாது. மனு செய்து, அது எதிர்த்தரப்புக்கு அறிவிக்கப்பட்ட நாளுக்குப் பிந்தைய தவணைகளை மட்டுமே மாற்ற இயலும். இருவரும் வாய்மொழியாகப் பேசிக் குறைத்துக்கொண்ட தொகைக்கும் நீதிமன்ற உத்தரவு இல்லாவிட்டால் மதிப்பில்லை. பழைய தொகையே நிலுவையாகக் கூடிக்கொண்டிருக்கும்.