வாசல் வரை வந்த மாத்திரை வாய்க்குப் போனதா? நர்சிங் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகளின் தீசிஸ்களுக்குக் கைடாக இருக்கிறேன். பி.பி., சுகர் நோயாளிகள் மாத்திரையை விடாமல் எடுக்கிறார்களா என்ற தலைப்பு என்னிடம் வராத வருஷமே இல்லை. வரவேண்டிய தலைப்புதான். நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே எழுதிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை. அதைப் பார்க்காமலே பல ஆய்வுகள் முடிந்துபோவதுதான் என் வருத்தம்.

கேள்வி கேட்கும் விதத்திலேயே முதல் தவறு ஆரம்பிக்கிறது. "ஒழுங்கா மாத்திரை போடுறீங்களாம்மா?" என்று யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கேட்டால், யார் இல்லை என்பார்கள்? 'ஒழுங்கா' என்ற சொல்லே ஒரு அதட்டல். ஒரு முறை மாணவியோடு நானும் ஓ.பி.யில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டி எல்லாக் கேள்விக்கும் "போடுறேன் தாயி" என்றே பதில் சொன்னார். முழு மதிப்பெண். "மாத்திரையைக் கொஞ்சம் காட்டுறீங்களா பாட்டி?" என்று கேட்டதும் மஞ்சப்பையை அவிழ்த்தார். பி.பி. மாத்திரை மூன்று ஸ்டிரிப் பிரிக்காமலே இருந்தது. "தலை சுத்துனா மட்டும் போட்டுக்குவேன்" என்றார். பாட்டி பொய் சொல்லவில்லை. பி.பி. மாத்திரை தலைசுற்றலுக்கானது என்று நம்பியிருக்கிறார். தலை சுற்றும்போதெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்!

அதனால் இப்படிக் கேட்கச் சொல்கிறேன்: "நிறைய பேருக்கு நடுவுல ரெண்டு நாள் விட்டுப்போகும். போன ஏழு நாள்ல உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" விட்டுப்போவது சகஜம் என்று நாமே முதலில் சொல்லிவிட்டால், அவர்கள் வாய் திறப்பார்கள். ஏன் விட்டுப்போனது என்பதையும் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "சாப்பிட்டதும் போடச் சொன்னாங்க, அன்னைக்கு விரதம்" என்று வரும் பதிலுக்கு எந்த அச்சடித்த கேள்வித்தாளிலும் கட்டம் கிடையாது. மாத்திரையை எண்ணிப் பார்ப்பதும் தனியாக நம்பத்தக்கதல்ல. எண்ணப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் மிச்சம் குப்பைக்குப் போய்விடும். கேள்வி, எண்ணிக்கை, பி.பி. அளவு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வித்தாளை இணையத்திலிருந்து இறக்கி அப்படியே பயன்படுத்துவது இன்னொரு வம்பு. மாத்திரையை விடாமல் எடுக்கிறார்களா என்று அளக்கும், எட்டுக் கேள்விகள் கொண்ட மோரிஸ்கி அளவுகோலுக்கு உரிமம் வேண்டும். அது இல்லாமல் பயன்படுத்தி, வெளியான கட்டுரையைத் திரும்பப் பெற நேர்ந்தவர்கள் உண்டு. தமிழாக்கம் செய்தால், வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபாருங்கள்.

வார்டில் நடக்கும் மருந்துப் பிழைகளை ஆராய்பவர்கள், பிழை நடந்தால் ஊழியர்களே எழுதிவைக்கும் சம்பவப் பதிவேட்டை மட்டும் நம்புவது பெரிய தவறு. அமெரிக்காவில் 36 மருத்துவ நிலையங்களில் நடத்தி 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. 2,556 டோஸ்களில் உறுதியான பிழைகள் 457. கூடவே நின்று பார்த்தவர்கள் அதில் 300-ஐக் கண்டுபிடித்தார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டியவர்களுக்குக் கிடைத்தது 17. சம்பவப் பதிவேட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. பதிவேடு வெறுமையாக இருக்கும் வார்டைப் பாதுகாப்பான வார்டு என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் மெமோ வரும் என்று பயந்தால் எந்த சிஸ்டர்தான் எழுதுவார்? ஆய்வுக்கு வரும் தகவல் தண்டனைக்குப் போகாது என்பதை, ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி முன்னாலேயே உறுதிசெய்து, வார்டிலும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கண்ணெதிரே தவறான டோஸ் போகப்போகிறதென்றால் குறிப்பேட்டை வைத்துவிட்டுத் தடுத்து நிறுத்த வேண்டும். பி.பி.யின் மேல் அளவு 180-ஐத் தாண்டிய நோயாளியை எண்ணாக மட்டும் பதிந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பக்கூடாது, டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கற்பித்தல் ஆய்வுகளுக்கு வருகிறேன். காலையில் ப்ரீ-டெஸ்ட், பிறகு ஒரு மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் அதே கேள்விகளோடு போஸ்ட்-டெஸ்ட். மதிப்பெண் ஏறியிருக்கும், ஏறாமல் எங்கே போகும்? கையின் பழக்கம் மாறியதா என்பதற்கு அது சாட்சியாகாது. இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் குப்பியும் இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இதைத் தாளில் சரியாக எழுதிய ஒரு மாணவியிடம் இரண்டு குப்பியையும் இரண்டு சிரிஞ்சையும் தட்டில் வைத்து, "10 யூனிட் எடும்மா" என்றேன். குப்பியின் லேபிளைப் பார்க்காமலே கைக்கு வந்த சிரிஞ்சை எடுத்தாள். அன்றிலிருந்து என் மாணவிகளின் போஸ்ட்-டெஸ்டில் அந்தத் தட்டு இருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒரு தடவை.