அமெரிக்க மருத்துவப் பள்ளி கேட்கும் கணிதப் பாடங்கள்: பெங்களூரிலிருந்து தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வெளியாகும் வாரத்தில் அல்சூர், லிங்கராஜபுரம், ஜீவன்பீமாநகர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை பி.யு.சி.யில் (கர்நாடகத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள்) கணிதம் எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா? இந்தியாவில் எம்.பி.பி.எஸ். மட்டுமே குறி என்றால் பதில் சுருக்கமானது. நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றிலிருந்தே வினாக்கள் வருகின்றன. சேர்க்கைத் தகுதிக்கும் அந்த மூன்றுடன் ஆங்கிலம் இருந்தால் போதும், கணிதம் கட்டாயமில்லை.

ஆனால் தந்தையோ தாயோ அமெரிக்காவில் பணியாற்றிய காலத்தில் அங்கே பிறந்து, பின்னர் பெங்களூரில் வளர்ந்து, கல்லூரிக்கு மீண்டும் அங்கே போகவிருக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு மேற்சொன்ன பதில் பொருந்தாது. இருபது ஆண்டுகளாகப் பி.யு. மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வருபவன் என்ற முறையில், அவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் மருத்துவப் பள்ளியில் சேர்வது வழக்கமல்ல. பெரும்பாலோர் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு படித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வை எழுதி விண்ணப்பித்து, பட்டம் பெற்ற பிறகே சேர்கிறார்கள். முன்தேவையாகக் கேட்கப்படும் கணிதமும் அந்தப் பட்டப்படிப்புக் காலத்தில் கல்லூரி அளவில் படித்த கணிதமே ஆகும். ஆகவே இரண்டாம் பி.யு.சி.யில் வகையிடலும் தொகையிடலும் படித்து நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும், அந்த மதிப்பெண் நேரடியாக முன்தேவையை நிறைவு செய்யாது. இந்த ஒன்றைத் தெரியாமல் இருப்பதால்தான் பலர் மூன்றாம் ஆண்டில் தடுமாறுகிறார்கள்.

குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்கள் இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளாத மருத்துவப் பள்ளிகள் அங்கே பல உள்ளன. எந்தப் பள்ளியின் கதவு நமக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்த பிறகே பாடக் கணக்கில் இறங்குவது நல்லது.

இரண்டாம் படி: பி.யு.சி.யில் கணிதத்தைக் கைவிடாதீர்கள்

கர்நாடகப் பி.யு.சி.யில் இரண்டு மொழிப் பாடங்களும் நான்கு விருப்பப் பாடங்களும் உண்டு. பி.சி.எம்.பி. பிரிவை எடுத்தால் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் கிடைக்கின்றன. மதிப்பெண்ணாக இது கணக்கில் வராது என்று சொல்லிவிட்டு இப்போது படிக்கச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். கல்லூரியில் முதல் பருவத்து நுண்கணிதத்தில் வரும் எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் பி.யு.சி. பாடநூல்களில் ஏற்கெனவே இருப்பவை. இங்கே ஊன்றிப் படித்தவருக்கு அங்கே உயர்ந்த கிரேடு எளிதாகும். படிக்காதவர் முன்நுண்கணிதம் என்ற ஆயத்தப் பாடத்திலிருந்து தொடங்க நேரும், அதனால் ஒரு பருவம் கழியும்.

மூன்றாம் படி: பட்டியல் தயார் செய்யுங்கள்

அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான ஒரே கணித விதி கிடையாது, ஒவ்வொரு பள்ளியும் தன் விதியைத் தானே வகுக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற இணையத் தரவுத்தளத்தில் பள்ளிவாரியாக இவ்விவரங்களைப் பார்க்கலாம். முழு விவரத்துக்குக் கட்டணம் உண்டு. அதில் பார்த்ததை அந்தந்தப் பள்ளியின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பள்ளிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பொதுவாக மூன்று வகை நிபந்தனைகள் கண்ணில் படும். சில பள்ளிகள் புள்ளியியலை மட்டும் கேட்கின்றன; டெக்சாஸ் மாநிலத்தின் பொது மருத்துவப் பள்ளிகள் பெரும்பாலும் இவ்வகை. சில, நுண்கணிதமும் புள்ளியியலும் சேர்ந்தோ இரண்டில் ஒன்றோ ஓராண்டு அளவுக்கு வேண்டும் என்கின்றன. மற்றவை கணிதத்தைக் கட்டாயமாக்காமல் பரிந்துரையோடு நிறுத்திக்கொள்கின்றன. பரிந்துரை என்றிருந்தாலும் அதைக் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளும்படி என் மாணவர்களிடம் சொல்கிறேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் இக்கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) வேண்டும்? ஏ.பி. தேர்வு (பள்ளியில் இருக்கும்போதே எழுதும் கல்லூரி அளவிலான தேர்வு) வழியாகப் பெற்ற கிரெடிட்டை ஏற்கிறார்களா? புள்ளியியலைக் கணிதத் துறையில்தான் படித்திருக்க வேண்டுமா, உளவியல் அல்லது உயிரியல் துறை நடத்தும் பாடமும் போதுமா? தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் பதிவாகும் பாடம் செல்லுமா, ஏ, பி என்று எழுத்தால் குறிக்கும் கிரேடு வேண்டுமா? கிரெடிட்டைப் பார்க்கும்போது அது எந்த முறையில் எண்ணப்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முறையில் 6 கிரெடிட் என்பது, அதைவிடக் குறுகிய பருவங்களைக் கொண்ட குவார்ட்டர் முறையில் 9 கிரெடிட்டுக்குச் சமம். இந்த மாற்றுக் கணக்கைக் கவனிக்காமல் 6 குவார்ட்டர் கிரெடிட்டோடு நின்றுவிட்டால் 3 குறையும்.

துறை பற்றிய கேள்வியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் படித்துப் பி.யு. கணிதத்தில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒரு பெண், அங்கே பட்டப்படிப்பின்போது உளவியல் துறையின் புள்ளியியல் பாடத்தை முடித்து அதுவே போதும் என்று நம்பியிருந்தாள். விண்ணப்பிக்கும் ஆண்டில் அவள் பட்டியலிலிருந்த ஒரு பள்ளி அதை ஏற்க மறுத்தது. எம்கேட் தேர்வுக்குத் தயாராக வேண்டிய கோடைக்காலத்தில், ஏற்கெனவே தெரிந்த பாடத்தை வேறொரு துறையில் பணம் கட்டி மீண்டும் படித்தாள். முதல் ஆண்டிலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அலைச்சல் அது. அவளுக்கு முன்கூட்டியே சொல்லாத வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

நான்காம் படி: பாடங்களை வரிசைப்படுத்துங்கள்

கல்லூரியில் சேரும்போது எந்தப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என்று தீர்மானிக்கும் ஒரு கணித நிலைத் தேர்வு பெரும்பாலும் இருக்கும். பயணத்துக்கு முந்தைய மாதம் பி.யு. பாடநூலை எடுத்து முக்கோணவியல், மடக்கை, சார்புகள் ஆகியவற்றை மறுபடி பார்த்துவிட்டு அதை எழுதுங்கள். முதல் பருவத்தில் நுண்கணிதத்தின் முதல் பாடம், அடுத்த பருவத்தில் புள்ளியியல் என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும் வரிசை. உங்கள் பட்டியலிலோ பட்டப்படிப்பின் விதியிலோ கேட்டிருந்தாலொழிய நுண்கணிதத்தின் இரண்டாம் பாடம் தேவையில்லை.

ஏ.பி. தேர்வில் 5 மதிப்பெண் பெற்றவர்கள் நுண்கணிதத்தைத் தாண்டிச் செல்லலாம் என்று கல்லூரி அனுமதிக்கக்கூடும். ஆனால் கல்லூரியின் அனுமதி வேறு, மருத்துவப் பள்ளியின் ஏற்பு வேறு. சில பள்ளிகள் அந்தக் கிரெடிட் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் பதிவாகியிருந்தால் ஏற்கின்றன. வேறு சில, அதற்கு ஈடாக அதைவிட மேற்பட்ட கல்லூரிக் கணிதப் பாடம் ஒன்றைப் படித்திருக்கச் சொல்கின்றன.

ஐந்தாம் படி: புள்ளியியலைப் பொருள் புரிந்து படியுங்கள்

நம் பி.யு. பாடத்திட்டத்தில் நுண்கணிதத்துக்குக் கிடைக்கும் இடம் புள்ளியியலுக்குக் கிடைப்பதில்லை. சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு வரை வந்தவர்களுக்குக் கருதுகோள் சோதனையும் நம்பிக்கை இடைவெளியும் புதியவை. மருத்துவருக்கு அன்றாடம் பயன்படுவதோ இந்தப் பகுதிதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகக் கொள்வோம். பரிசோதனை நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் காட்டுகிறது. நோய் இல்லாதவர்களில் 10 சதவீதத்தினரையும் தவறுதலாக நோயாளி என்று காட்டுகிறது. நோயுள்ள 10 பேரில் 9 பேருக்கு நோய் உண்டு என்று முடிவு வரும். நோயற்ற 990 பேரில் 99 பேருக்கும் அதே முடிவு வரும். ஆக மொத்தம் 108 பேர் கையில் நோய் உண்டு என்ற காகிதம் இருக்கும், ஆனால் உண்மையில் நோயுள்ளவர் அவர்களில் 9 பேர், அதாவது பன்னிரண்டில் ஒருவர். தொண்ணூறு சதவீதம் சரியான பரிசோதனை என்று கேட்டவுடன் எவ்வளவு பதறிப்போகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் கணக்கைத் தெரிந்த மருத்துவர் எதிரில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விளங்கும். இத்தகைய கணக்குகளை வாரம் இரண்டு, சூத்திரத்தைப் பாராமல் ஆட்களை எண்ணியே போட்டுப் பழகுங்கள்.

ஆறாம் படி: கால்குலேட்டர் இல்லாமல் கணக்கிடப் பழகுங்கள்

எம்கேட் தேர்வில் கணிதத்துக்கெனத் தனிப் பகுதி இல்லை, நுண்கணித அறிவும் அதற்குத் தேவையில்லை. ஆயினும் கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. அறிவியல் பகுதி ஒவ்வொன்றிலும் 95 நிமிடங்களில் 59 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். எனவே தோராயமாக மதிப்பிடும் பழக்கம் கைவர வேண்டும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு லிட்டருக்கு 0.00003 மோல் என்றால், அதை 3 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 5 என்று எழுதுங்கள். பி.எச். என்பது 5 கழித்தல் மடக்கை 3. மடக்கை 3 ஏறக்குறைய 0.48 ஆதலால் விடை 4.52. மடக்கை 2 ஏறக்குறைய 0.30 என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் இவ்வகை வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈடுகொடுக்கலாம். நீட் தேர்விலும் கால்குலேட்டர் இல்லை என்பதால், இரண்டுக்கும் தயாராகும் மாணவருக்கு இந்தப் பயிற்சி இரு வழியிலும் உதவும்.

ஏழாம் படி: எழுத்தில் உறுதி பெறுங்கள்

பாடத்தில் சேர்வதற்கு முன்பே, அதன் பெயர், எண், துறை, கிரெடிட், பாடத்திட்டம் ஆகியவற்றை இணைத்து உங்கள் பட்டியலில் உள்ள பள்ளிகளின் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலை நம்பி இருந்துவிடாதீர்கள். வந்த பதிலையும் பாடத்திட்டத்தின் நகலையும் ஒரே கோப்பில் வையுங்கள். மூன்றாண்டு கழித்து அந்தப் பாடமே பெயர் மாறியிருக்கலாம்.

விண்ணப்பத்தைப் பெரும்பாலும் ஆம்காஸ் என்ற பொதுச் சேவை வழியாக அனுப்புவீர்கள். அங்கே உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனிச் சராசரி ஒன்று கணக்கிடப்படுகிறது. புள்ளியியலும் உயிர்ப்புள்ளியியலும் அதில் கணிதமாகவே சேர்கின்றன. அந்தச் சேவை வெளிநாட்டு மதிப்பெண் பட்டியல்களை நேரடியாகச் சரிபார்த்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெங்களூரில் பி.எஸ்சி. முடித்துவிட்டு அங்கே போக எண்ணுபவர்கள் கணிதம் உள்ளிட்ட முன்தேவைப் பாடங்களை அமெரிக்க அல்லது கனடியக் கல்லூரி ஒன்றில் படிக்கவேண்டி வரலாம் என்பதையும், அதற்கான காலத்தையும் கட்டணத்தையும் தங்கள் திட்டத்தில் இப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.