தீவு நாட்டு நீதித்துறைக்கு வரும் வெளிநாட்டு உதவியை எடைபோடும் முறை

கூடலூரிலும் கோத்தகிரியிலும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களோடு பழகியவர்களுக்கு, ஒரு தீவின் குடியுரிமைச் சட்டம் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று விளக்க வேண்டியதில்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று வகுத்தது. அந்த மக்களின் பிரதிநிதிகளைக் கலந்து அது எழுதப்படவில்லை. எனவே, தீவு நாடுகளுக்கான சட்ட உதவித் திட்டங்களை ஆராயும் நம் மலைப்பகுதி மாணவர்கள், நிதித்தொகையைப் பார்க்கும் முன், யாருடைய ஒப்புதலோடு உதவி வந்தது என்பதைப் பாருங்கள்.

இதற்கு முதலில் அந்நாட்டு அரசியலமைப்பையும், பிறகு உதவிக்கென இயற்றப்பட்ட சட்டத்தையும் வாசிக்க வேண்டும். பசிபிக் தீவு நாடான சாலமன் தீவுகளில் 2003 ஜூலையில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றிய பிறகே, சட்டம் ஒழுங்கை மீட்க ஆஸ்திரேலியா தலைமையிலான வட்டார உதவிக் குழு அம்மாதம் 24ஆம் நாள் வந்திறங்கியது. பப்புவா நியூகினியிலும் சட்டம் இருந்தது. ஆனால் ஆஸ்திரேலியக் காவலர்களுக்கு அது வழக்குகளிலிருந்து அளித்த சட்டவிலக்கு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2005 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், அவர்கள் வெளியேற நேர்ந்தது.

அடுத்து, நீதிபதி, அரசு வழக்கறிஞர், ஏழைகளுக்காக வாதிடும் பொது வழக்கறிஞர் ஆகிய பதவிகளில் எத்தனை வெளிநாட்டவர், எத்தனை உள்நாட்டவர் என்று ஆண்டுவாரியாக அட்டவணை போடுங்கள். சாலமன் தீவுகளில் அக்குழு 2017 ஜூன் 30 வரை இருந்தது. ஏறத்தாழ 14 ஆண்டுகளில் இந்த விகிதம் எப்படி மாறியது, அப்பதவிகளின் சம்பளம் எப்போது உள்நாட்டு வரவுசெலவுத் திட்டத்துக்குள் வந்தது என்பவற்றைக் கட்டடங்களின், வாகனங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

நிலத்தை விட்டுவிடாதீர்கள். 1998இல் சாலமன் தீவுகளின் குவாடல்கனால் தீவில் வெடித்த மோதலின் வேரில், அங்கு குடியேறிய மலைட்டா தீவினரோடு எழுந்த நிலப் பூசல் இருந்தது. அந்நாட்டு நிலத்தின் பெரும்பகுதி வழக்காற்று உரிமையில் (எழுத்துப் பத்திரமின்றி, ஊர் மரபுப்படி வரும் உரிமையில்) இருப்பதால், உயர் நீதிமன்றத்தை மட்டும் வலுப்படுத்தும் உதவி பாதிவழியில் நின்றுவிடும். ஊர்க்கூட்டத்தில் எல்லைத் தகராறு பேசித் தீர்வதைப் பார்த்த படுகர் ஊர் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கடைசியாக, ஒரே ஒரு நில வழக்கைத் தேர்ந்து, கிராமத்திலிருந்து தலைநகர் ஹொனியாரா வரை அதன் பாதையை வரையுங்கள்: எத்தனை படகுப் பயணம், என்ன செலவு, உள்ளூர்ப் பொதுமொழியான பிஜின் பேசுபவர் ஆங்கிலத்தில் நடக்கும் விசாரணையை யார் துணையோடு புரிந்துகொள்கிறார். வெளிநாட்டுப் பணம் எந்தெந்தப் படியில் சேர்ந்திருக்கிறது என்பதை அந்தப் படத்திலேயே குறித்துவிடுங்கள்.