லாரி இல்லாமல் இரண்டு மூன்று கன்றுகளை ஏற்றிவருவது எப்படி

மாட்டு லாரி பிடித்தால் அதற்கு நிறைய மாடு வேண்டும். இரண்டு மூன்று கன்றுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது. மியான்மரில் பெகு, சிரியம், மோல்மீன் பக்கம் பால்மாடு வைத்திருப்பவர்களுக்குக் கன்று வாங்கும்போது கிடைப்பது தொலாஜி (கைடிராக்டரில் பூட்டிய இரு சக்கரப் பின்வண்டி), மூன்று சக்கர மோட்டார் வண்டி, இல்லையென்றால் ஒரு புரோபாக்ஸ் கார். மூன்றிலும் கன்றைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கலாம். வழுக்கும் தரையும் கட்டிய காலும்தான் பெரும்பாலும் கெடுதல் செய்கின்றன.

நான்கு காலையும் சேர்த்துக் கட்டிப் படுக்கப்போடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். கயிறு இறுகி ரத்த ஓட்டம் நிற்கும். ஒரே பக்கமாக அழுந்திக் கிடப்பதால் தசையும் நரம்பும் மரத்துப்போகும். இறக்கிவிட்ட பிறகு கன்று எழுந்து நிற்க மாட்டாது, நின்றாலும் நொண்டும். வைக்கோல் கடிக்கத் தொடங்கிய கன்றுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருக்களித்துக் கிடந்தால் வயிற்றில் சேரும் காற்று ஏப்பமாக வெளியே வராது. வயிறு உப்பி மூச்சை அடைக்கும். கன்று நிற்க வேண்டும், அல்லது நெஞ்சை ஊன்றித் தானாகப் படுக்க வேண்டும். அதற்குத்தான் கூண்டு.

தொப்புள் கொடி காயாத கன்றை வாங்கவே வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். பிறந்து பத்து நாளாவது ஆகட்டும். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிறு நிறையக் குடித்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். குடிக்காத கன்று வழியில் நன்றாக இருப்பதுபோல் தெரியும், வீட்டுக்கு வந்த சில நாளில் கழிச்சலில் விழும்.

வண்டித் தொட்டியை அளந்துகொள்ளுங்கள். 30 வீசை, அதாவது 50 கிலோ அளவுள்ள கன்றுக்கு 4 சதுர அடி வேண்டும். 60 வீசைக் கன்றுக்கு 6 சதுர அடி. தொட்டி 4 அடிக்கு 6 அடி என்றால் சின்னக் கன்று நான்கு நிம்மதியாக வரும். இரண்டே கன்று என்றால் அவற்றுக்கு முழுத் தொட்டியையும் விடக்கூடாது, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் எறியப்படும். நடுவில் ஒரு தட்டி வைத்து இடத்தைக் குறையுங்கள். பெரியதையும் சின்னதையும் ஒரே அறையில் விட்டால் சின்னது மிதிபடும்.

கூண்டுக்கு முற்றிய மூங்கில் வேண்டும். இளமூங்கில் காய்ந்து சுருங்கினால் கட்டு தளர்ந்துவிடும். இரண்டு அங்குலக் கனத்தில் 4 அடி நீளத்துக்கு ஆறு முழு மூங்கில்களை நான்கு மூலைக்கும் இரு பக்க நடுவுக்கும் நிறுத்துங்கள். குறுக்குக் கம்புகளை நிறுத்திய மூங்கில்களின் உட்பக்கம் கட்டுவது முக்கியம். கன்று சாயும்போது கம்பு அந்த மூங்கிலோடு அழுந்தி நிற்கும். வெளிப்பக்கம் கட்டினால் அதே சாய்வில் கட்டே பிய்ந்துபோகும். கீழிருந்து இரண்டடி உயரம் வரை 4 அங்குல இடைவெளி, அதற்கு மேல் 5 அங்குலம். இடைவெளி இதைவிடப் பெரியதானால் கால் நுழையும். கால் நுழைந்த நிலையில் கன்று விழுந்தால் எலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளந்த மூங்கிலின் விளிம்பு கத்தியாக வெட்டும் என்பதால் உட்பக்கம் முழு மூங்கில்தான் நல்லது. கணுக்களை அரிவாளால் சீவி, கையால் தடவிப் பாருங்கள்.

ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும். ராத்திரி முழுக்க ஊறவைத்த பிரம்பால் கட்டினால் காயக் காய இறுகும். தேங்காய் நார்க் கயிறும் சரி. நைலான் கயிறு வழவழப்பில் நழுவும், அதைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் கட்டும் இடத்தில் சிறு வெட்டு போட்டுக்கொள்ளுங்கள். கம்பி கட்டினால் முனையை வெளிப்பக்கம் மடக்குங்கள். பின்பக்கத் தட்டியை ஒரே இழுப்பில் அவிழும் உருவுமுடிச்சால் கட்டுங்கள், வழியில் ஒரு கன்று கீழே மாட்டிக்கொண்டால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.

தரைதான் முதல் வேலை என்று சொன்னால்கூடத் தகும். தகரத் தரையில் சாணமும் மூத்திரமும் பட்டதும் குளம்பு நிற்காது. விழுந்து விழுந்து எழும் கன்று ஊர் வந்து சேரும்போது சோர்ந்து போயிருக்கும். தரையில் அரைப் பிளவு மூங்கில்களைச் சுமார் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கே பரப்பிக் கட்டுங்கள், மேடான பக்கம் மேலே இருக்கட்டும். அதன்மேல் நனைத்த கோணிச் சாக்கு, அதற்கு மேல் 6 அங்குலம் வைக்கோல். வண்டி ஆட்டத்தில் வைக்கோல் அமுங்கும், ஆகவே தாராளமாகப் போடுங்கள். சிலர் மணல் போடுவார்கள். பிடிப்பு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 24 சதுர அடிக்கு ஓரங்குல மணல் ஏறக்குறைய 90 கிலோ, இரண்டு கன்றின் எடை. உமி வேண்டவே வேண்டாம், வழுக்கும், காற்றில் பறந்து கண்ணில் விழும். புகைக்குழாய் தொட்டிக்கு அடியில் ஓடும் வண்டியானால் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுத் தரையைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் அந்த இடத்தில் பலகை போட்டு உயர்த்த வேண்டும்.

ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு பால் கொடுத்துவிடுங்கள். வயிறு முட்டக் குடித்த உடனே ஏற்றக்கூடாது. வளர்ந்த கன்றுக்கு அன்று காலை ஈரப்புல் வேண்டாம், காய்ந்த வைக்கோல் போதும். தண்ணீர் மட்டும் ஏற்றும்வரை இருக்கட்டும். சின்னக் கன்றை ஒரு கை நெஞ்சுக்கு முன்னும் மறு கை தொடைக்குப் பின்னுமாக அணைத்துத் தூக்குங்கள். வாலையோ காதையோ பிடித்து இழுக்காதீர்கள். 30 வீசைக்கு மேல் போனால் தூக்க வேண்டாம், வண்டியின் பின்பக்கத்தை வரப்பு மேட்டோடு ஒட்டி நிறுத்தி நடத்தி ஏற்றலாம். மேடு இல்லையென்றால் சாய்பலகை. தொட்டி இரண்டரை அடி உயரம் என்றால் பலகை 7 அடிக்குக் குறையக்கூடாது.

தொலாஜியில் ஒரு சிக்கல் உண்டு. பின்வண்டிக்கு இரண்டே சக்கரம். கன்று பின்னால் ஏறி நின்றதும் முன்பக்கம் மேலே எழும்பி, கைப்பிடியைப் பிடித்திருப்பவரைத் தூக்கி அடிக்கும். ஏற்றும்போது பின்பக்கத்துக்கு அடியில் ஒரு முட்டுக்கட்டை கொடுங்கள். ஓடும்போது கன்றுகள் அச்சுக்குச் சற்று முன்னால் நிற்கும்படி தடுப்பு இருக்கட்டும். மூன்று சக்கர வண்டியில் கவலை வேறு. வளைவில் எல்லாக் கன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் வண்டி கவிழும். நடுத்தடுப்பு அதையும் காக்கும். வேகம் 20 மைலைத் தாண்டக்கூடாது, வளைவில் அதிலும் பாதி.

சித்திரை வெயிலில் விடியுமுன் கிளம்புங்கள், எட்டு மணிக்குள் சேர்வதுபோல் பாருங்கள். பெகுவிலிருந்து யாங்கோனுக்கு ஏறத்தாழ ஐம்பது மைல், இந்த வேகத்தில் மூன்று மணி நேரமாவது ஆகும். கூரையாகத் தார்ப்பாய் போட்டால் பக்கங்களைத் திறந்தே விடுங்கள், மூடிய தார்ப்பாய் அடுப்பாகிவிடும். மழைக்காலத்தில் முன்பக்கம் மட்டும் சாக்கு கட்டிக் காற்றைத் தடுங்கள், நனைந்த சின்னக் கன்றுக்கு ஓடும் வண்டிக் காற்றில் குளிர் ஏறிவிடும். கிளம்பிய கால் மணியில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், கட்டு தளர்வதும் தட்டி நகர்வதும் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு மணிக்கு ஒருமுறை. சின்னக் கன்று படுத்திருந்தால் பயமில்லை. கழுத்தை நீட்டித் தட்டையாகக் கிடந்தாலோ வாயைத் திறந்து இரைத்தாலோ நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

ஒரே ஒரு சின்னக் கன்று என்றால் புரோபாக்ஸின் பின்பகுதி போதும். தார்ப்பாய் விரித்து, மேலே வைக்கோல். உடம்பைக் கோணிச் சாக்குக்குள் விட்டு, தலையும் கழுத்தும் வெளியே இருக்கும்படி சாக்கின் வாயை இரண்டு விரல் நுழையும் தளர்ச்சியில் கட்டினால் அமைதியாகப் படுத்து வரும். பிளாஸ்டிக் அரிசிச் சாக்கு சூட்டை அடைக்கும், அது ஆகாது. ஒரு மணிப் பயணத்துக்கு மேல் சாக்கில் வைக்க வேண்டாம். பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் புகை உள்ளே இழுக்கும். கதவை மூடி, பக்கக் கண்ணாடிகளை இறக்குங்கள். ஊருக்குள் சைக்காவிலும் (பக்கவண்டி பூட்டிய சைக்கிள் ரிக்‌ஷா) இதே முறைதான். சம்பானில் கொண்டுபோனால் சாக்கும் வேண்டாம், கட்டும் வேண்டாம். படகு சாய்ந்தால் கன்று நீந்தட்டும்.

ஊர் தாண்டிப் போவதென்றால் விற்றவர் யார் என்று காட்டும் ஊர் அலுவலகச் சீட்டையும் டவுன்ஷிப் கால்நடை மருத்துவ அலுவலகத்தின் சீட்டையும் முன்னாலேயே வாங்கி வையுங்கள். வழியில் நிறுத்தி வைக்கப்படும் ஒவ்வொரு நிமிடமும் கன்றுக்கு வெயில்.

இறக்கியதும் பால் வேண்டாம். அரை மணி ஓய்வு கொடுத்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கரைத்துக் கொடுங்கள். சின்னக் கன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர். பால் இரண்டு மூன்று மணி கழித்து, வழக்கத்தில் பாதி. கோமாரி வெளியே தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரை புதுக் கன்றைத் தனிக் கொட்டிலில் வைத்து, அதன் வேலையைக் கடைசியில் செய்யுங்கள். வண்டியில் கிடந்த வைக்கோலை எரித்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்துக் கூண்டுக்கும் சக்கரத்துக்கும் ஊற்றுங்கள். செருப்பையும் அதிலேயே முக்கி எடுங்கள்.