மரத்தில் அஸ்திவாரமா? எட்மன்டனில் வீடு பார்ப்பவர்களுக்கு

கனடாவில் எட்மன்டன், சாஸ்கட்டூன், ரெஜைனா பக்கம் வேலை கிடைத்து வருகிற நம்மவர்கள் சீக்கிரமே வீடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டு விலையில் ஐந்து லட்சம் டாலர் வரை 5 சதவீதம் முன்பணம், அதற்கு மேல் போகிற தொகைக்கு 10. மொத்தம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். ஏஜென்ட், இன்ஸ்பெக்டர், வக்கீல் பற்றியெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் தளத்தின் சுவரைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

ஊரில் வானம் தோண்டி, கருங்கல் இறக்கி வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இது நம்பும்படியாக இருக்காது. இங்கே 1970, 80களில் கட்டிய சில வீடுகளில் மண்ணுக்குள் நிற்கும் சுவரே மரம்தான். செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தை அழுத்தி ஏற்றிய கட்டைகளும் பிளைவுட்டும், பச்சைச் சாயலில் இருக்கும். வெளிப்புறம் பிளாஸ்டிக் ஷீட், அடியில் தண்ணீர் வடியச் சரளைக்கல். இதற்கென்றே கனடாவின் தர அமைப்பான சிஎஸ்ஏவின் எஸ்406 என்ற தர விதி உண்டு. "கரையான் அரிக்காதாடா?" என்று அம்மா போனில் கேட்டார். இந்தக் குளிரில் கரையானுக்கு என்ன வேலை? இங்கே பயப்பட வேண்டியது தண்ணீருக்கு.

ஆனால் என் நண்பர் மாட்டிக்கொண்டது சுவர் உளுத்ததால் அல்ல. வங்கியின் ப்ரீ-அப்ரூவல், அதாவது முன்கூட்டிய கடன் ஒப்புதல், கையில் இருந்தது. விலையும் அக்கம்பக்கத்தை விடக் குறைவு. "போட்டிக்கு ஆள் இருக்கிறது, கண்டிஷன் எதுவும் போடாதீர்கள்" என்று ஏஜென்ட் விரட்ட, அப்படியே ஆஃபர் கொடுத்துவிட்டார். ப்ரீ-அப்ரூவல் என்பது உங்கள் சம்பளத்தையும் கிரெடிட் ஸ்கோரையும் பார்த்துக் கொடுப்பது. எந்த வீடு என்று வங்கிக்கு அப்போது தெரியாது. பிறகு லிஸ்டிங்கில், அதாவது வீட்டின் விற்பனை விவரத்தில், ஃபவுண்டேஷன் வரிக்கு எதிரே 'வுட்' என்று இருந்ததைப் பார்த்ததும், வங்கியில் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் முத்திரையோடு அறிக்கை கேட்டார்கள். ஹோம் இன்ஸ்பெக்டர் அறிக்கை அவர்களிடம் எடுபடவில்லை. இன்ஜினியர் வந்து பார்த்தால் பேஸ்மென்ட் சுவர் முழுக்க டிரைவால் என்கிற ஜிப்சம் பலகையால் மூடி, புதுப் பெயின்ட். பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். பிரிக்க விற்பவர் விடவில்லை. அவர் ஏன் விட வேண்டும், ஆஃபரில் அப்படி ஒரு வரியே இல்லையே! கடன் வரவில்லை, டெபாசிட் போயிற்று. விரட்டிய ஏஜென்ட் "இதெல்லாம் சகஜம்" என்றாராம். எனக்கே இன்னும் வயிறு எரிகிறது.

அதனால் லிஸ்டிங்கில் அந்த ஒரு வரியை முதலில் பாருங்கள். மரம் என்றால், ஆஃபர் எழுதும் முன்பே வங்கியிடமும் வீட்டு இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள். கடன் கிடைத்தால்தான், இன்ஜினியர் அறிக்கை திருப்தியாக இருந்தால்தான் என்று இரண்டு கண்டிஷனும் எழுத்தில் வேண்டும். டிரைவாலைச் சில இடங்களில் வெட்டிப் பார்க்க அனுமதியும் அதிலேயே இருக்கட்டும்.

மரம் என்றாலே ஓடவும் வேண்டாம். நாங்கள் இருப்பதும் அப்படி ஒரு வீட்டில்தான். கட்டைகளுக்கு நடுவே இன்சுலேஷன், எங்களுக்குத் தரையும் மரம். மைனஸ் 30லும் பிள்ளைகள் பேஸ்மென்ட்டில் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.

வீடு பார்க்கப் போகும்போது நேராக, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறைக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கேதான் சுவர் மூடப்படாமல் இருக்கும். நீளமான மட்டப்பலகையைச் சுவரில் நிறுத்தினால் உள்பக்கம் தொந்தி போட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இங்குள்ள களிமண் ஈரத்தில் உப்பிச் சுவரைத் தள்ளும். சுவரின் தலையைப் பிடித்து நிறுத்துவது பேஸ்மென்ட்டுக்கு நேர் மேலே உள்ள தளத்தின் தரை என்பதால், சுவரோரம் யாராவது தரையை வெட்டிப் படிக்கட்டை அகலப்படுத்தியிருந்தால் அந்த இடத்தை இன்ஜினியரிடம் காட்டுங்கள். வெளியே மண் வீட்டை விட்டு விலகிச் சரிகிறதா, கூரைத் தண்ணீர்க் குழாய் தள்ளிக் கொண்டுபோய் விடுகிறதா என்று பாருங்கள். ஏப்ரலில் பனி உருகும்போது போனால் இன்னும் நல்லது.

வாங்கிவிட்டால் இன்ஜினியர் அறிக்கையையும் திறந்த சுவரின் போட்டோக்களையும் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் விற்கும்போது வாங்குபவரின் வங்கியும் இதையேதான் கேட்கும்.