பவர் கண்ணாடி போடுபவர்கள் கூலிங் கிளாஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயிலில் வண்டி ஓட்டும்போது பவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பவர் இல்லாத கூலிங் கிளாஸை மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். இருக்கும் தவறுகளிலேயே ஆபத்தானது இதுதான். பவர் மைனஸ் 1.5 உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் 67 செ.மீ.க்கு அப்பால் தெளிவு குறையத் தொடங்கிவிடும். சாலையில் இருக்கும் பள்ளம் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். "சின்னப் பவர்தானே" என்று விடக்கூடிய விஷயம் இல்லை.

அடுத்த தவறு, லென்ஸ் எவ்வளவு கருப்போ அவ்வளவு பாதுகாப்பு என்று நம்புவது. கண்புரைக்கும், வெள்ளைவிழியிலிருந்து கருவிழி மேல் படரும் சதை வளர்ச்சிக்கும் காரணங்களில் ஒன்று புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது. லென்ஸின் நிறம் குறைப்பதோ கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும்தான். புற ஊதாவைத் தடுப்பது லென்ஸ் செய்த பொருளும், அதில் சேர்த்த பூச்சும். பாலிகார்பனேட் லென்ஸ் நிறமே இல்லாவிட்டாலும் அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். சாதாரண சி.ஆர்-39 பிளாஸ்டிக்குக்குத் தனி யு.வி. (புற ஊதா) பூச்சு இல்லையென்றால், புற ஊதாவின் மேல் எல்லையான 400 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிர்களில் ஒரு பகுதி உள்ளே வரும். தடுப்பு இல்லாத கருப்பு லென்ஸ் இன்னும் மோசம். இருட்டில் கண்மணி விரிந்துகொடுக்கும். கதிர் உள்ளே போக வழி பெரிதாகும். எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது "யு.வி. 400 இருக்கிறதா", அதாவது அந்த 400 வரை தடுக்குமா என்பது. பல ஆப்டிகல் கடைகளில் யு.வி. மீட்டர் இருக்கும், காசு கொடுக்கும் முன் லென்ஸை அதில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இப்போது போட்டிருக்கும் கண்ணாடியையும் அதிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

டின்ட், அதாவது லென்ஸின் நிற அடர்த்தி, கணக்கிலும் குழப்பம் வரும். கடையில் "85 சதவீதம்" என்றால் அவ்வளவு வெளிச்சத்தை லென்ஸ் பிடித்துக்கொள்கிறது, 15 சதவீதம்தான் கண்ணுக்கு வருகிறது என்று பொருள். ஐ.எஸ்.ஓ. 12312-1 தரப்படி 8 முதல் 18 சதவீதம் வரை விடுவது வகை 3. நம் வெயிலுக்கு அது போதும். 3 முதல் 8 சதவீதம் மட்டுமே விடும் வகை 4-ஐப் போட்டுக்கொண்டு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. நிறத்தில் சாம்பல், பிரவுன் இரண்டும் சிக்னல் விளக்குகளின் நிறத்தை அதிகம் மாற்றாதவை. நீலமும் இளஞ்சிவப்பும் அழகுக்கு மட்டும்.

வெயிலில் தானாகக் கருக்கும் போட்டோக்ரோமிக் லென்ஸ் வாங்கிவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்ற எண்ணம்தான் அதிக ஏமாற்றத்தைத் தருவது. அந்த லென்ஸைக் கருக்க வைப்பதே புற ஊதாக் கதிர்தான். காரின் முன்கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுவதால், நெடுஞ்சாலையில் மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும்போதும் சாதாரண போட்டோக்ரோமிக் வெளுத்தே இருக்கும். காருக்கென்று தனி வகை உண்டு; கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, சூடு ஏற ஏற இந்த லென்ஸ் கருக்கும் அளவு குறையும். குளிர் நாட்டில் நன்றாகக் கருக்கும் அதே லென்ஸ் மே மாத மதுரையில் பாதி மனதோடு வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். வெயிலில் இருந்து திடீரெனச் சுரங்கப்பாதைக்குள் போனால் வெளுக்கச் சில நிமிடங்கள் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். நடந்து போகிறவர்களுக்கும், வீட்டுக்கும் வெளிக்குமாக மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும் இது நல்ல தேர்வு. நாள் முழுக்க வண்டியில் இருப்பவர்களுக்குப் பவர் போட்ட தனிக் கூலிங் கிளாஸே சரி.

பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டும் பெரிய கூலிங் கிளாஸ் கடற்கரைக்கும் வயல்வெளிக்கும் பொருந்தும். முழு ஹெல்மெட்டுக்குள் நுழையாது. இரண்டு ஜோடிக் காம்புகள் காதுக்கு மேல் அழுத்தி, அரை மணி நேரத்தில் தலைவலி தொடங்கிவிடும். இருசக்கர வாகனம் ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டைக் கடைக்கே எடுத்துப் போய், மெல்லிய, நேரான காம்புள்ள ஃப்ரேமாகப் பார்த்து, ஹெல்மெட்டைப் போட்ட பிறகு செருகிப் பார்க்க வேண்டும். பவர் கண்ணாடியின் ஃப்ரேமிலேயே செருகும் கிளிப்-ஆன் கருப்பு லென்ஸ் விலை குறைவு, தவறில்லை. ஆனால் உங்கள் ஃப்ரேமின் அளவுக்கே செய்ததாக இருக்கட்டும். தூசி ஒட்டிய கிளிப்பை அப்படியே மாட்டினால் பவர் லென்ஸில் கீறல் விழும்.

ஃப்ரேம் அளவைப் பார்க்காமல் வாங்குவது பவர் அதிகம் உள்ளவர்களைத்தான் சோதிக்கும். காம்பின் உட்புறத்தில் 52, 18, 140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், காம்பின் நீளம், எல்லாம் மி.மீ.யில். முதல் இரண்டையும் கூட்டினால் 70. உங்கள் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் 62 என்றால் ஒவ்வொரு லென்ஸின் மையமும் 4 மி.மீ. உள்ளே நகர வேண்டும். அதே நபர் 58 அளவுள்ள பெரிய ஃப்ரேம் எடுத்தால் 7 மி.மீ. மைனஸ் பவரில் அந்த வித்தியாசம் முழுவதும் வெளி ஓரத்தின் தடிமனாக வந்து நிற்கும். பவர் 4-க்கு மேல் என்றால், முகத்தைச் சுற்றி வளையும் ஸ்போர்ட்ஸ் ஃப்ரேமையும் தவிர்ப்பது நல்லது. நடுவில் தெளிவாக இருந்தாலும் ஓரங்களில் காட்சி வளையும்.

போலரைஸ்டு லென்ஸ் ஈரச் சாலை, தண்ணீர் ஆகியவற்றில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கும். வண்டியின் டிஜிட்டல் மீட்டரும் போனும் சில கோணங்களில் கருப்பாகத் தெரியும். வாங்கும் முன் உங்கள் வண்டி மீட்டரைப் பார்த்துவிடுங்கள். பவர் போட்டு வந்ததும் ஒரு சோதனை: லேப்டாப் திரைக்கு முன் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு லென்ஸும் ஒரே கோணத்தில் இருள வேண்டும். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி இருண்டால் லென்ஸைச் சாய்வாக வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள், திருப்பிக் கொடுங்கள்.

வாங்கிய கண்ணாடியை நிறுத்திய காரின் டாஷ்போர்டில் விட்டுவைக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு மேலே இருக்கும் பூச்சு விரியாது. சிலந்தி வலை போல நுண்ணிய வெடிப்புகள் விழும். அதைத் துடைத்தும் சரிசெய்ய முடியாது, லென்ஸையே மாற்ற வேண்டியதுதான்.